இன்னைக்கு யாரு வரல?

பொங்கல் முடிந்த வாரம் நாளிதழ்களின் தருமபுரிப் பக்கத்தைப் புரட்டினால் ஒரு படம் தவறாமல் இருக்கும். ஏதோவோர் அரசுப் பள்ளியின் முகப்பு, அதில் கட்டிய பேனர். முன்வரிசை நாற்காலிகளில் பொன்னாடையோடு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். பின்னால் ஒரே நிறத்தில் சட்டை எடுத்துப் போட்டுக்கொண்ட நடுத்தர வயது ஆண்கள், ஓரமாகப் பட்டுச்சேலையில் நாலைந்து பெண்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பின் சந்தித்தார்கள், மலரும் நினைவுகளைப் பகிர்ந்துகொண்டார்கள், பள்ளிக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தார்கள் என்று செய்தி முடிந்துவிடும். மறுநாள் காலையிலிருந்து அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன ஆனார்கள் என்பது செய்தியில் வராது. எனக்கு அதுதான் விஷயம்.

பள்ளி நண்பர்கள் மீண்டும் சந்திக்கும் '96' படம் 2018இல் வந்ததிலிருந்து இப்படிச் சந்திக்காத ஊர் இல்லை. ஆனால் தருமபுரிக்காரர்களுக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. எங்கள் மாவட்டத்தில் படித்து முடித்தவன் ஊரிலேயே தங்குவது குறைவு. பெங்களூருவில் கட்டட வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி, ஓசூரில் ஆலை, இல்லாவிட்டால் ராணுவம் என்று பிழைப்பு வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். ஊர் திரும்புவது பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும். ஆடிப் பதினெட்டுக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. ஒகேனக்கல்லில் கால் வைக்க இடமிருக்காது. சந்திப்பு என்றால் இந்த இரண்டில் ஒன்றுதான் தேதி. எல்லோரும் ஊரில் இருக்கும் நாள் வேறு கிடையாது.

நாங்கள் 1990இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள். தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையை ஒட்டி ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. பத்தோடு சரி, மேலே படிக்க வேண்டுமென்றால் வெளியே போகவேண்டும். அன்னை சத்யா போக்குவரத்துக் கழகத்தின் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருபவர்கள் கொஞ்சம், புளியமரத்து நிழலிலேயே நடந்து வருபவர்கள் மிச்சம். ஒரே பெயரில் மூன்று பேர், நான்கு பேர் இருந்ததால் ஊர்ப்பெயரே ஆளுக்கும் பெயராகிவிட்டது. இண்டூர், அதகப்பாடி, பாப்பாரப்பட்டி, அக்ரகாரம். இன்றைக்கும் என் போனில் அவர்கள் அப்படித்தான் பதிவாகியிருக்கிறார்கள். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

2020 பொங்கலை ஒட்டித்தான் சந்தித்தோம். வழுக்கையும் தொப்பையும் ஆளையே மாற்றியிருந்தன. யாரென்று தெரியாமல் பள்ளி கேட்டருகே தயங்கி நின்றவர்கள், எதிரில் நின்றவர் சிரித்ததும் "டேய், நீயா?" என்று கட்டிக்கொண்டார்கள். காட்டிக்கொடுத்தது பல். எங்கள் பக்கத்துக் கிணறுகளிலும் போர்வெல்களிலும் புளோரைடு அதிகம். புதுப்பல் உருவாகிற சிறுவயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் பல்லின் எனாமலில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிந்துவிடும். எந்தப் பற்பொடிக்கும் அது போகாது. 1990இல் எடுத்த வகுப்புப் படத்தில் ஒருவர்கூடப் பல் தெரியச் சிரிக்கவில்லை. போட்டோக்காரர் எவ்வளவோ கெஞ்சியும், போலீஸ் வேலைக்கு ஆளெடுக்கும் மைதானத்தில் நிற்பதுபோல வாயை இறுக்கிக்கொண்டு நிற்கிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர், ஜப்பான் கடனுதவியோடு, 2013இல்தான் வந்து சேர்ந்தது. அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த வெட்கம் தெரிய வேண்டியதில்லை. எங்களுக்கோ அந்தக் கறைதான் பிறந்த ஊருக்கு அத்தாட்சி. சந்திப்பில் எடுத்த படத்தில் எல்லோரும் வாய்விட்டுச் சிரிக்கிறோம். பெங்களூருவில் நன்றாகச் சம்பாதித்த ஒருவன் மட்டும் டாக்டரிடம் போய்ப் பல்லுக்கு உறை போட்டுக்கொண்டு வந்திருந்தான். கடைசிவரைக்கும் பாதிப் பேருக்கு அவனை அடையாளமே தெரியவில்லை.

அன்று மாலையே வாட்ஸ்அப் குழு தொடங்கியாயிற்று. முதல் பதினைந்து நாள் யாரும் தூங்கியதாகத் தெரியவில்லை. கணக்கு வாத்தியாரின் சைக்கிள் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டது யார் என்ற வழக்கு முப்பது வருடத்துக்குப் பின் விசாரணைக்கு வந்து, மூன்று பேர் மேல் சந்தேகம் விழுந்து, தீர்ப்பில்லாமல் ஒத்திவைக்கப்பட்டது. பிறகு குழுக்களுக்கு நேர்வது எங்கள் குழுவுக்கும் நேர்ந்தது. விடியற்காலையில் ரோஜாப்பூ வைத்த வணக்கம், மதியம் மருத்துவக் குறிப்பு, இரவு கட்சிச் சண்டை. ஒருவன் கோபித்துக்கொண்டு வெளியேற, நாலு பேர் சேர்ந்து திரும்ப இழுத்து வந்தார்கள். மாசிக்குள் ஆளாளுக்குக் குழுவின் சத்தத்தை அணைத்துவைத்துவிட்டார்கள். மெசேஜ் வந்துகொண்டுதான் இருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை.

என்ன குறைகிறது என்று அப்போது யோசித்திருக்கிறேன். பேச்சுக்குக் குறைவில்லை, அன்புக்கும் குறைவில்லை. ஆனாலும் வகுப்பில் உட்கார்ந்திருந்த அந்த நிறைவு அதில் இல்லை. இதற்கு எனக்குக் கிடைத்த பதில் காலை வருகைப் பதிவில் இருந்தது.

மணி அடித்து வாழ்த்துப் பாட்டு முடிந்ததும் வகுப்பாசிரியர் நீளப் பதிவேட்டை விரிப்பார். பையன்கள் முதலில், பெண்கள் பின்னால். தமிழய்யாவுக்கு "உள்ளேன் ஐயா" என்று சொல்லவேண்டும், மற்றவர்களுக்கு "எஸ் சார்" போதும். அவசரமென்றால் பெயரைக்கூட விட்டுவிட்டு நம்பரை மட்டும் கூப்பிடுவார்கள். வந்தவர்களின் குரல் வந்த வேகத்தில் போய்விடும். பதில் வராத பெயரில்தான் ஆசிரியரின் பேனா நிற்கும். "இன்னைக்கு அவன் வரலையா? ஏன்?" அடுத்த நொடி பக்கத்து பெஞ்சிலிருந்து பதில் வரும்.

"அவங்க வூட்ல புளி தட்டறாங்க சார்."

"மாடு கன்னு போட்டுடுச்சு சார், சீம்பால் தரேன்னு சொன்னான்."

"அவங்கப்பாரு பெங்களூர்லேர்ந்து வந்திருக்காரு சார்."

பங்குனி, சித்திரை என்றால் புளி. கார்த்திகையில் கேழ்வரகு அறுப்பு. நடுவில் கடலைக்காய் பிடுங்க, பட்டுப்புழுவுக்குத் தழை பறிக்க, ஆடு மேய்க்க. எந்த வீட்டில் என்ன வேலை நடக்கிறது, யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டுப் பாட்டி இழுத்துக்கொண்டு கிடக்கிறாள் என்பதெல்லாம் வராதவனின் பெயரை வைத்தே வகுப்புக்குத் தெரிந்துவிடும். 1989இல் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை போடத் தொடங்கினார்கள். அந்த நாளில் எவனும் லீவு போடமாட்டான். முட்டை நாளிலும் ஒருவன் வரவில்லையென்றால் அவன் வீட்டில் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். மாலையில் நாலு பேர் அவன் வீட்டு வாசலில் நிற்பார்கள். போய்ப் பார்க்கவேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அந்த வயதில் ஆறுதல் சொல்லவும் தெரியாது. சும்மா நின்றுவிட்டு, அவன் அம்மா கொடுத்த களியைத் தின்றுவிட்டு வருவோம்.

குழுவில் இல்லாதது அதுதான். அங்கே வந்து பேசுகிறவன் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறான். பேசாதவனுக்காகப் பேனா நிற்பதில்லை.

சந்தித்து இரண்டு மாதத்தில், மார்ச் 25 அன்று, நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. எங்களில் பாதிப் பேர் மாட்டிக்கொண்டது ஓசூரிலும் பெங்களூருவிலும். நாங்கள் படித்த காலத்தில் ஓசூர் எங்கள் மாவட்டம்தான். 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரித்துத் தருமபுரி மாவட்டம் உண்டானபோது ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதற்குள் இருந்தன. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் இருக்கிற ஓசூர், வேலைக்குப் போகிறவனுக்குப் பக்கத்து வீடு மாதிரி இருந்தது, ஒரே நாளில் வெளிமாவட்டம் ஆகிவிட்டது. இதைப் பதினாறு வருடம் யாரும் பொருட்படுத்தவில்லை. 2020 ஏப்ரலில் அக்ரகாரத்தின் அம்மா இறந்தபோதுதான் உறைத்தது. ஓசூரிலிருந்து அவன் வர இ-பாஸ் தேவைப்பட்டது. "நம்ம மாவட்டத்துக்குள்ள நம்ம வூட்டுக்கு வர பாஸ் கேக்கறாங்கடா" என்று இரவு பதினொரு மணிக்கு அவன் அனுப்பிய குரல் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. குழு அன்றைக்கு முழுசாக விழித்துக்கொண்டது. ஒருவன் விண்ணப்பம் போட்டான், ஒருவன் வண்டி பிடித்தான், ஊரில் இருந்தவர்கள் அவன் வருகிறவரைக்கும் வீட்டில் போய் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வாரம் எங்கள் வகுப்பு திரும்பக் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஆனால் அவன் கேட்டான், குழு ஓடியது. கேட்காதவனுக்கு என்ன வழி என்பது அடுத்த வருடம் தெரிந்தது.

பாப்பாரப்பட்டிதான் அந்த ரோஜாப்பூக்காரன். சுப்பிரமணிய சிவா 1925இல் தன் கடைசி நாட்களைக் கழித்த ஊர் அவன் ஊர். வாயைத் திறந்தால் அந்தப் பெருமையைத்தான் பேசுவான். தினமும் காலை ஐந்தரைக்கு ஒரு பூ, ஒரு வணக்கம். அதைத் திறந்து பார்த்தவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். 2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த வாரம், அந்தப் பூ வருவது நின்றது. நாலாம் நாள் அதே எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. எழுதியது அவனுடைய மகன்: அப்பா இறந்துவிட்டார், காரியம் முடிந்துவிட்டது, யாரும் வரவேண்டாம். ஐம்பது பேர் கொண்ட குழுவில் ஒருவன் மூன்று நாளாக வரவில்லை, ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் தருமபுரிதான் பழைய தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. வேல் பாயும் களத்தில் முன்னால் நின்றவன் என்பதையும் சொல்கிறார்தான். ஆனால் தொடங்குவது போரிலிருந்து இல்லை, கிடைத்த கள்ளையும் சோற்றையும் அவன் எப்படிப் பங்கு போட்டான் என்பதிலிருந்து. கூட இருந்தவர்கள் இப்படித்தான் அழுவார்கள் போலிருக்கிறது. பாப்பாரப்பட்டியைப் பற்றி அன்றைக்குக் குழுவில் வந்ததும் அந்த மாதிரிதான். ஜாமெட்ரி பாக்ஸில் நாவல்பழம் கொண்டுவந்து கொடுத்தது, பரீட்சையன்று பேனாவை இரண்டாக ஒடித்து ரீஃபிலை ஒருத்தனுக்குத் தந்தது. எல்லாம் நல்ல வார்த்தைதான். ஆனால் அந்த மூன்று நாள் எல்லோர் தொண்டையிலும் சிக்கிக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் அதகப்பாடி நோட்டுப் போட்டான்.

அதகப்பாடிக்குப் புளி வியாபாரம். மரங்களைக் குத்தகைக்கு எடுத்து, உலுக்கி, தட்டி, கொட்டை எடுத்து மண்டிக்குக் கொண்டுபோவது. கணக்கு எழுத நீளமான அட்டை நோட்டு ஒன்று வைத்திருப்பான். போன வருடம் ஊருக்குப் போனபோது அதைக் காட்டினான். முன்பக்கத்திலிருந்து எடை, மூட்டை, முன்பணம். பின்பக்கத்தைத் திருப்பினால் எங்கள் பத்தாம் வகுப்பு. ஒன்றாம் எண்ணிலிருந்து கடைசி வரை, பதிவேட்டில் இருந்த அதே வரிசை. முப்பத்தைந்து வருடம் கழித்தும் அதை மூச்சு விடாமல் ஒப்பிப்பவன் அவன் ஒருவன்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் நேராகக் கடைசியாகப் பேசிய தேதி, பக்கத்தில் ஒரு வார்த்தை அல்லது இரண்டு: "முட்டி ஆபரேஷன்". "மகள் நர்சிங்". "கடன்". "சண்டை, பேசல". "நல்லாருக்கான்". சில இடத்தில் புளிக்கறை பட்டு எழுத்து மங்கியிருக்கிறது. பாப்பாரப்பட்டியின் எண்ணுக்கு நேராக அவன் மகனின் போன் நம்பர். அந்தப் பையனுக்கும் மாதம் ஒரு போன் போகிறது.

குழுவில் யாராவது ஒரு மாதம் வாய் திறக்கவில்லையென்றால் அதகப்பாடி கூப்பிடுவான். எனக்கும் வந்திருக்கிறது. நான் சென்னை அம்பத்தூரில் இருக்கிறேன். நாற்பது வீடு கொண்ட அடுக்குமாடியில் என்னை ஒரு வாரம் காணவில்லையென்றால் பால் பாக்கெட் போடுகிற பையன் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. ஒரு நாள் ஆபீஸ் மீட்டிங் நடுவில் அடித்தான்.

"ஏன்டா, சத்தமே காணோம்?"

"வேலைடா. ஒண்ணும் விசேஷமில்ல."

"விசேஷம் யாரு கேட்டா? நல்லாத்தான இருக்க? சரி, வெச்சிடறேன்."

அரை நிமிடம்கூட இல்லை. அந்தப் போனுக்குப் பிறகு மீட்டிங்கில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. சொந்தக்காரர்கள் கூப்பிட்டால் கல்யாணம், நண்பர்கள் கூப்பிட்டால் உதவி, வங்கி கூப்பிட்டால் கடன். ஒன்றுமே இல்லாமல், இருக்கிறேனா என்று பார்ப்பதற்கு மட்டும் ஒருவர் என்னைக் கூப்பிட்டது பள்ளிக்கூடத்துக்குப் பின் அப்போதுதான் என்று தோன்றியது. நான் ஏங்குவது அந்த வயதுக்காக இல்லை. மண் தரையில் உட்கார்ந்து எழுதிய, பேருந்துக்குக் காசில்லாமல் வெயிலில் நடந்த அந்த நாட்கள் திரும்ப வேண்டுமென்று எங்களில் யாரும் மனசாரக் கேட்கமாட்டோம். காலையில் ஒரு முறை பெயர் கூப்பிடப்படுவதும், பதில் வராவிட்டால் யாரோ ஒருவர் தலை திருப்பிப் பார்ப்பதும்தான் எனக்கு வேண்டியிருக்கிறது.

நோட்டின் கடைசிப் பகுதி பெண்களுடையது. கடினமான பகுதியும் அதுதான். பையன்களைத் தேடுவது சுலபம். டீக்கடையில் அப்பா பெயரைச் சொன்னால் நம்பர் வந்துவிடும். பெண்கள் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு, சிலர் முடிப்பதற்கு முன்பே, கட்டிக்கொடுக்கப்பட்டார்கள். பதினெட்டு வயது ஆகவேண்டும் என்ற சட்டம் 1978இலேயே வந்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பந்தல்களில் அதை யாரும் விசாரித்ததில்லை. ஊர் மாறி, இனிஷியல் மாறி, போன் கணவர் பெயரிலோ மகன் பெயரிலோ இருக்கும். "எதுக்கு அந்தப் பொண்ணோட நம்பர் கேக்கறீங்க?" என்ற கேள்விக்கு நாற்பத்தைந்து வயது ஆண் என்ன பதில் சொன்னாலும் எடுபடாது. சந்திப்புக்கு வந்த பெண்கள் நான்கு பேர். அவர்கள் மூலமாகத்தான் மற்றவர்களைத் தேடவேண்டியிருந்தது.

அந்த நால்வரில் ஒருவர் இண்டூர்க்காரர். டைப் அடிக்க வராது என்று குரலில்தான் பேசுவார். போன் மகனுடையது, அவன் வேலை விட்டு வந்த பிறகு, ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் அவருடைய குரல் குழுவுக்கு வரும். பின்னணியில் ஆடு கத்தும், குக்கர் விசில் அடிக்கும், பேரன் போனைப் பிடுங்குவான். "எல்லாரும் சாப்ட்டீங்களா? எங்கூட்ல இன்னைக்குக் களி, கீரக் கடைசல். அவ்ளோதான் சேதி." பள்ளியில் எங்களோடு ஒரு வார்த்தை பேசியறியாதவர். பையன்கள் பக்கம் திரும்பினாலே வீட்டுக்குச் செய்தி போய்விடுகிற காலம் அது. குழுவில் எல்லோரும் தவறாமல் திறந்து கேட்பது இன்று அவருடைய குரலைத்தான்.

இன்னொருவர் கிடைத்த விதம் வேடிக்கை. தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு வேறு வேலையாகப் போயிருக்கிறான் அதகப்பாடி. ஏலத்துக்குக் கூடு கொட்டி வைத்துக்கொண்டு நின்ற ஓர் அம்மாள் இவனையே பார்த்திருக்கிறார். "நீங்க பதினோராம் நம்பர்தான?" என்று கேட்டிருக்கிறார். பெயர் அவருக்கு ஞாபகமில்லை. தினமும் காலையில் அந்த நம்பருக்கு "எஸ் சார்" என்று கத்திய குரல் ஞாபகமிருக்கிறது. பதினாறு வயதில் பாலக்கோடு பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், கணவர் இறந்துவிட்டார், அரை ஏக்கர் மல்பெரி வைத்துப் புழு வளர்க்கிறார். தன்னை யாரும் தேடியிருப்பார்கள் என்று அவர் நினைக்கவேயில்லையாம். "நான்தான் பாதியிலயே போயிட்டேனே, என் பேரெல்லாமா இருக்கும்?" என்று கேட்டவருக்கு அதகப்பாடி அங்கேயே நோட்டைத் திருப்பிக் காட்டியிருக்கிறான். இருந்தது. நாற்பத்து நான்காம் எண்.

இன்னும் மூன்று எண்களுக்கு நேராக ஒன்றும் எழுதாமல் இருக்கிறது. மூன்றும் பெண்கள். ஒருவர் ஏரியூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டதாக இண்டூர்க்காரருக்குத் தகவல் வந்திருக்கிறது. வருகிற ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகும்போது அப்படியே ஏரியூருக்கும் போவதென்று பேசி வைத்திருக்கிறோம். வம்பு எதுவும் வரக்கூடாது என்பதற்காக இண்டூர்க்காரர் முன்னால் போய் வீட்டுப் பெண்களிடம் பேசுவார், நாங்கள் டீக்கடையில் காத்திருப்போம். நாங்கள் தேடிப் போகிறவருக்கு எங்களை நினைவிருக்குமா, நினைவிருந்தாலும் பேச விரும்புவாரா, எதுவும் தெரியாது. விரும்பாவிட்டால் திரும்பி வந்துவிடலாம். ஆனால் 1990இல் ஒரு திங்கட்கிழமை காலை அவர் பெயருக்குப் பதில் வரவில்லை, கல்யாணம் என்று யாரோ சொன்னார்கள், ஆசிரியரின் பேனா நகர்ந்துவிட்டது. அந்தக் கேள்வியை முழுசாக ஒருவர் கேட்டாகவேண்டும். "இத்தன வருஷமா ஏம்மா வரல?"